ஆப்பிரிக்க ஊரகப் பள்ளிகளில் தன்னார்வ ஆசிரியப் பணி

ஆப்பிரிக்க ஊரகப் பள்ளிகளில் தன்னார்வ ஆசிரியப் பணி என்பது, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கிராமப்புறப் பள்ளிகளில் முழு ஊதியம் பெறாமல் அல்லது சிறு உதவித்தொகை மட்டும் பெற்றுக்கொண்டு கற்பிப்பதைக் குறிக்கும். இப்பணியில் ஈடுபடுவோர் மூன்று வகையினர். முதல் வகையினர் வெளிநாடுகளிலிருந்து வருபவர்கள். இரண்டாம் வகையினர், தேசிய சேவைத் திட்டங்களின் கீழ் கிராமங்களுக்கு அனுப்பப்படும் அந்தந்த நாட்டு இளைஞர்கள். மூன்றாம் வகையினர், அரசு ஆசிரியர் இல்லாத இடங்களில் ஊர் மக்களே அமர்த்திக்கொள்ளும் உள்ளூர் ஆசிரியர்கள். தன்னார்வ ஆசிரியர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முதல் வகைதான். ஆனால், பல நாடுகளின் தொலைதூரக் கிராமங்களில் ஆண்டு முழுவதும் வகுப்பறையைத் தாங்கி நிற்பவர்கள் மூன்றாம் வகையினரே.

தேவையின் பின்னணி

1960ஆம் ஆண்டை ஒட்டி ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்றபோது, அவற்றின் பள்ளிக் கல்வி மிகக் குறுகியதாக இருந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தொடக்கக் கல்வியின் பெரும்பகுதியைக் கிறித்தவ மறைபரப்பு அமைப்புகள் நடத்தின. உயர்நிலைப் பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் கற்பித்த பட்டதாரி ஆசிரியர்களில் பலர் ஐரோப்பியர்கள். 1961 மே மாதம் அடிசு அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளின் கல்வி மாநாடு, 1980க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி என்ற இலக்கை வகுத்தது. பள்ளிகளைக் கட்டுவதைவிட, அவற்றுக்கு ஆசிரியர்களைத் தேடுவதே கடினமான வேலையாக இருந்தது.

இரண்டாவது பெரும் தேவை, தொடக்கப் பள்ளிக் கட்டணங்கள் நீக்கப்பட்டபோது எழுந்தது. மலாவி 1994இலும், உகாண்டா 1997இலும், தான்சானியா 2001இலும், கென்யா 2003இலும் கட்டணத்தை நீக்கின. மலாவியில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 19 இலட்சத்திலிருந்து ஒரே ஆண்டில் 30 இலட்சத்தை நெருங்கியது. கென்யாவில் அது சுமார் 59 இலட்சத்திலிருந்து 72 இலட்சமானது. குழந்தைகள் ஒரே நாளில் வந்துவிட்டார்கள். ஆனால், ஓர் ஆசிரியரை உருவாக்க இரண்டு மூன்று ஆண்டுகள் தேவைப்படும். இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் தன்னார்வலர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் பெரும் பங்கு வகித்தனர்.

இந்தத் தேவை இன்றும் தீரவில்லை. 2030க்குள் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்குக் கூடுதலாக ஒன்றரைக் கோடி ஆசிரியர்கள் தேவைப்படுவர் என யுனெசுகோ 2024இல் மதிப்பிட்டது. இப்பகுதியில் 10 வயதுக் குழந்தைகளில் 89 விழுக்காட்டினரால் எளிய பத்தி ஒன்றைப் படித்துப் பொருள் கொள்ள இயலவில்லை என்பது 2022இல் உலக வங்கி வெளியிட்ட மதிப்பீடு.

வரலாறு

வெளிநாட்டுத் தன்னார்வலர்கள்

1958இல் அலெக் டிக்சனும் அவர் மனைவி மோரா டிக்சனும் பிரித்தானியாவில் வெளிநாட்டுத் தன்னார்வச் சேவை (வி.எஸ்.ஓ.) என்ற அமைப்பைத் தொடங்கினர். தொடக்கத்தில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளைஞர்களே அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளில் பட்டதாரிகளும் பயிற்சி பெற்றவர்களும் தேவை என்பது உணரப்பட்டது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1961 மார்ச் 1 அன்று பீஸ் கோர் எனப்படும் அமைதிப் படையைத் தொடங்கினார். அதன் முதல் குழு அதே ஆண்டு ஆகத்து 30 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் வந்திறங்கியது. சுமார் 50 பேர் கொண்ட அக்குழுவினர் அனைவரும் ஆசிரியப் பணிக்காகவே வந்தவர்கள். விமான நிலையத்தில் அவர்கள் துவி மொழியில் பாடிய பாடல் கானா மக்களிடம் நல்ல வரவேற்பைப் பெற்றது. 1962இல் எத்தியோப்பியாவுக்கு ஏறத்தாழ 280 தன்னார்வலர்கள் சென்று, நாடெங்கும் உயர்நிலைப் பள்ளிகளில் கற்பித்தனர். அமைதிப் படையில் பணிக்காலம் 27 மாதங்கள். இதில் முதல் மூன்று மாதம் மொழிக்கும் பண்பாட்டுக்கும் பணிக்குமான பயிற்சி.

தொடக்கமே சிக்கலின்றி அமைந்துவிடவில்லை. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாடானில் பயிற்சியில் இருந்த தன்னார்வலர் ஒருவர், அங்குள்ள வாழ்க்கை நிலையைப் பின்தங்கியது என வருணித்துத் தம் ஊருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அது உள்ளூர் மாணவர்கள் கையில் கிடைக்க, பல்கலைக்கழகக் கல்லூரியில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவர் நாடு திரும்ப நேர்ந்தது. உதவ வருபவர் உதவி பெறுபவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார், எழுதுகிறார் என்பதும் பணியின் ஒரு பகுதியே என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

மேற்கு நாடுகளிலிருந்து மட்டுமே ஆசிரியர்கள் வரவில்லை. அங்கோலா 1975இல் விடுதலை பெற்றதும் போர்த்துக்கேய ஆசிரியர்கள் பெருமளவில் வெளியேறினர். 1978 முதல் கியூபா நூற்றுக்கணக்கான கல்வியியல் மாணவர்களைச் சே குவேரா பெயரிலான ஆசிரியர் படைப்பிரிவாக அங்கு அனுப்பியது. எத்தியோப்பியாவில் பேரரசர் ஐலி செலாசி காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் பலர், குறிப்பாகக் கேரளத்தைச் சேர்ந்தவர்கள், சிற்றூர்ப் பள்ளிகள் வரை சென்று கற்பித்தனர். இவர்கள் தன்னார்வலர்கள் அல்லர், ஒப்பந்த ஊதியத்தில் பணியாற்றியவர்கள். எனினும் அயல்நாட்டு ஆசிரியர் என்ற வகையில் அவர்களின் பங்கு நீண்டது.

நாட்டு இளைஞர்களின் சேவை

ஆப்பிரிக்க நாடுகள் தம் சொந்த இளைஞர்களையும் கிராமங்களுக்கு அனுப்பின. எத்தியோப்பியாவில் 1964 முதல் பல்கலைக்கழக மாணவர்கள் பட்டம் பெறுமுன் ஓராண்டு ஊரகச் சேவை செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. பெரும்பாலோர் ஆசிரியர்களாகவே அனுப்பப்பட்டனர். பேரரசர் பதவி நீக்கப்பட்ட பின், 1974–75இல் சுமார் 60,000 மாணவர்களும் ஆசிரியர்களும் செமச்சா எனப்படும் இயக்கத்தில் நாட்டுப்புறங்களுக்குச் சென்றனர்.

சோமாலியாவின் முயற்சி தனித்தன்மை கொண்டது. 1972இல் சோமாலி மொழிக்கு இலத்தீன் எழுத்துமுறை அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. 1974இல் உயர்நிலைப் பள்ளிகள் ஓராண்டு மூடப்பட்டு, பல்லாயிரக்கணக்கான மாணவர்கள் மேய்ச்சல் மக்களிடையே எழுத்தறிவு புகட்ட அனுப்பப்பட்டனர். அவ்வேளையில் கடும் வறட்சி தாக்கியதால், கரும்பலகையோடு போனவர்கள் நிவாரணப் பணியையும் ஏற்க வேண்டியதாயிற்று.

நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் முடிந்த பின், 1973இல் தேசிய இளைஞர் சேவைப் படை தொடங்கப்பட்டது. பட்டதாரிகள் தம் சொந்த மாநிலம் அல்லாத வேறொரு மாநிலத்தில் ஓராண்டு பணியாற்ற வேண்டும். இவர்களில் பெரும்பகுதியினர் பள்ளிகளுக்கே அனுப்பப்படுகின்றனர். கானாவிலும் 1973இல் இத்தகைய தேசிய சேவைத் திட்டம் உருவானது. ஊரகப் பள்ளிகளில் கணிதம், அறிவியல், ஆங்கில வகுப்புகள் பலவும் இன்றளவும் இச்சேவையாளர்களை நம்பியே நடக்கின்றன.

ஊர் மக்களின் பள்ளிகள்

கென்யாவில் ஊரார் ஒன்றுகூடிப் பணமும் உழைப்பும் தந்து கட்டிய பள்ளிகள் அரம்பே பள்ளிகள் எனப்பட்டன. அரம்பே என்ற சுவாகிலிச் சொல் எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்ற பொருள் தருவது. 1963இல் விடுதலைக்குப் பின் சோமோ கென்யாட்டா இதை நாட்டின் முழக்கமாக்கினார். கட்டடம் எழுந்தாலும் ஆசிரியரை அமர்த்தப் பணம் போதாத இப்பள்ளிகள் பலவற்றில் அமைதிப் படையினரும் பிற தன்னார்வலர்களும் கற்பித்தனர்.

போட்சுவானாவின் செரோவேயில் 1963இல் பாட்ரிக் வான் ரென்சுபர்க் தொடங்கிய சுவானெங் மலைப் பள்ளி வேறொரு வழியைக் காட்டியது. மாணவர்களும் தன்னார்வ ஆசிரியர்களும் சேர்ந்தே வகுப்பறைகளைக் கட்டினர். 1965 முதல் கட்டட வேலை போன்ற தொழில்களைக் கற்பித்துக்கொண்டே உற்பத்தியும் செய்யும் பிரிகேடு எனும் பயிற்சிக் குழுக்கள் அங்கு உருவாயின.

வகுப்பறைச் சூழல்

நாட்டுக்கு நாடு நிலைமை வேறுபட்டாலும் சில கூறுகள் பொதுவானவை. தொடக்க வகுப்புகளில் கூட்டம் மிகுதி. மலாவியில் முதல் வகுப்பில் 100 குழந்தைகளுக்கு மேல் ஓர் ஆசிரியர் முன் அமர்வதுண்டு. அறை போதாதபோது மரத்தடியில் வகுப்பு நடக்கும். மேல் வகுப்புகளுக்குச் செல்லச் செல்லப் பலர் நின்றுவிடுவதால் எண்ணிக்கை குறையும். ஒரே வகுப்பில் ஏழு வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் இருப்பது வியப்பன்று.

பாடநூல் ஒன்றை மூன்று நான்கு பேர் பகிர்வர். ஆகவே, ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, மாணவர்கள் ஏட்டில் பார்த்தெழுதுவதே பாடமாகிவிடுகிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருகை குறையும். தண்ணீர் எடுக்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் சிறுமிகள் வீட்டில் நிறுத்தப்படுவர். மதிய உணவு வழங்கப்படும் பள்ளிகளில் வருகை கூடுவது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது.

ஊரகப் பள்ளிக்கு அரசு ஆசிரியர்கள் வரத் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. குடியிருப்பு, மின்சாரம், குடிநீர், மருத்துவமனை ஆகியவை தொலைவில் இருக்கும். இதற்காகச் சாம்பியா, மலாவி போன்ற நாடுகள் ஊரகப் பணிப் படி வழங்குகின்றன. ஆசிரியர்க்கு ஒரு வீடு கட்டித் தரும் ஊருக்கு ஆசிரியர் கிடைப்பது எளிது என்பதைப் பல சமூகங்கள் அனுபவத்தில் அறிந்துள்ளன.

பயிற்று மொழி

தன்னார்வலர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, எந்த மொழியில் கற்பிப்பது என்பதே. தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுவாகிலியும், உயர்நிலையில் ஆங்கிலமும் பயிற்று மொழிகள். ஏழு ஆண்டுகள் சுவாகிலியில் பயின்ற மாணவர் திடீரென எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் படிக்க நேர்கிறது. கானா, கென்யா ஆகிய நாடுகளில் முதல் மூன்று வகுப்புகள் வரை வட்டார மொழி, பின்னர் ஆங்கிலம் என்பது கொள்கை. உருவாண்டா 2008இல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற முடிவெடுத்தபோது, பிரெஞ்சில் பயின்ற ஆசிரியர்கள் தாமே முதலில் ஆங்கிலம் கற்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு வழங்கும் செனகல், மாலி போன்ற நாடுகளிலும், போர்த்துக்கேயம் வழங்கும் மொசாம்பிக்கிலும் இதே சிக்கல் வேறு வடிவில் உள்ளது.

வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொரு மொழி என வாழும் குழந்தைக்கு, மூன்றாம் மொழியில் கணக்கு கற்பிக்கும்போது அது கணக்கையா, மொழியையா தவறவிடுகிறது என்பதை வெளியிலிருந்து வரும் ஆசிரியரால் உடனே கண்டுகொள்ள இயலாது. ஊர் மொழி அறிந்த ஆசிரியர் ஒருவர் அவ்வகுப்பில் உடனிருப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

எவை பயன் தந்தன

தன்னார்வப் பணி ஆராய்ச்சிக்கு வழிவகுத்த நிகழ்வும் உண்டு. அமெரிக்கரான மைக்கேல் கிரமர், பட்டப்படிப்பு முடித்ததும் 1985–86இல் மேற்குக் கென்யாவில் ஓராண்டு ஆசிரியராக இருந்தார். 1986இல் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்பும் வோர்ல்டு டீச் என்ற அமைப்பைத் தொடங்குவதில் பங்கேற்றார். பின்னர் பொருளியல் அறிஞராகி, அதே பகுதியில் எது கல்விக்கு உண்மையில் உதவுகிறது என்பதை அளந்து பார்க்கும் ஆய்வுகளை நடத்தினார். 2019இல் அபிசித் பானர்சி, எசுத்தர் டுஃப்லோ ஆகியோருடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவ்வாய்வுகளின் முடிவுகள் பலர் எதிர்பாராதவை. பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் வழங்கியபோது, மாணவர்களின் சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தனர். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்ததும், பாடத்திட்டம் முன்னணி மாணவரை மனத்தில் வைத்து அமைந்திருந்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. மறுபுறம், 75 பள்ளிகளில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தபோது, மாணவர் வராத நாள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. தேர்வு மதிப்பெண்களில் மாற்றம் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளது.

மேற்குக் கென்யாவின் 140 தொடக்கப் பள்ளிகளைக் கொண்ட மற்றோர் ஆய்வில், முதல் வகுப்புக்குக் கூடுதலாக உள்ளூர் ஒப்பந்த ஆசிரியர் ஒருவரைப் பள்ளிக் குழு அமர்த்தியது. இவர்களுக்கு அரசு ஆசிரியர் ஊதியத்தில் ஏறத்தாழ கால் பங்கே கிடைத்தது. ஆயினும் இவர்களிடம் படித்த குழந்தைகள் கூடுதலாகக் கற்றனர். ஆனால், இதுபோன்ற திட்டத்தைப் பின்னர் நாடு தழுவிச் சோதித்தபோது, தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பலன் தெரிந்தது; அரசு நேரடியாக நடத்திய பள்ளிகளில் தெரியவில்லை. ஊதியம் தாமதமானதும் கண்காணிப்பு குறைந்ததும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. ஆள் கிடைத்தால் மட்டும் போதாது, அந்த ஆளைத் தாங்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்தியாவில் பிரதம் அமைப்பு வளர்த்தெடுத்த ஒரு முறை ஆப்பிரிக்காவிலும் பரவியுள்ளது. வயதையோ வகுப்பையோ பாராமல், எழுத்து தெரிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர் எனக் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் அடிப்படைத் திறன்களை மட்டும் கற்பிப்பது அம்முறை. சாம்பியாவில் 2016இல் கேட்ச் அப் என்ற பெயரில் இது சோதிக்கப்பட்டு, பின் விரிவாக்கப்பட்டது. கானாவில் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் அமர்த்தப்பட்ட உள்ளூர் இளைஞர்கள் உதவி ஆசிரியர்களாக இருந்து இவ்வாறு கற்பித்தபோது, குழந்தைகளின் திறன் உயர்ந்தது. கென்யா, தான்சானியா, உகாண்டா நாடுகளில் ஊர்த் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் உவேசோ ஆய்வும் இந்தியாவின் ஏசர் ஆய்வை முன்மாதிரியாகக் கொண்டதே. உவேசோ என்ற சுவாகிலிச் சொல்லுக்குத் திறன் என்று பொருள்.

உள்ளூர்த் தன்னார்வ ஆசிரியர்களின் நிலை

மடகாசுகரில் பெற்றோர் சங்கம் அமர்த்தும் ஆசிரியர்கள் ஃப்ராம் ஆசிரியர்கள் எனப்படுகின்றனர். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவர்களாகவே இருந்த காலம் உண்டு. சில ஊர்களில் ஊதியம் பணமாக அன்றி அரிசியாகவும் கொடுக்கப்படும். சாட் நாட்டிலும் சமூக ஆசிரியர்கள் எனப்படும் இத்தகையோரே தொடக்கக் கல்வியின் முதுகெலும்பு. சாம்பியாவில் 1990களில் பெருகிய சமூகப் பள்ளிகள் கட்டணமோ சீருடையோ கேட்காமல் ஏழைக் குழந்தைகளைச் சேர்த்தன. அவற்றில் கற்பித்தவர்களில் பலர், பள்ளி இறுதி வரை மட்டுமே படித்த ஊர்த் தன்னார்வலர்கள்.

இங்கே தன்னார்வலர் என்ற சொல்லே கேள்விக்குரியதாகிறது. வேறு வேலை இல்லாததாலும், என்றேனும் அரசுப் பணி கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் ஆண்டுக்கணக்கில் மிகக் குறைந்த தொகைக்குக் கற்பிப்பவரின் பணி விரும்பிச் செய்யும் தொண்டா, ஊதியம் மறுக்கப்பட்ட உழைப்பா என்பதே அக்கேள்வி. இவர்களுக்கான செலவை ஏற்பவர்கள் நாட்டின் மிக ஏழைப் பெற்றோர்கள் என்பது மற்றொரு முரண். நகரத்துப் பள்ளிக்கு அரசு ஆசிரியர் இலவசமாகக் கிடைக்க, எட்டாத கிராமத்தார் தம் அரிசியைக் கொடுத்து ஆசிரியரை வைத்துக்கொள்கின்றனர். பயிற்சி தந்து இவர்களைப் படிப்படியாக அரசுப் பணியில் சேர்க்கும் முயற்சிகள் சில நாடுகளில் நடந்துள்ளன.

விமர்சனங்கள்

வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் குறுகிய காலப் பணி குறித்துக் கடுமையான விமர்சனங்கள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

- இரண்டு வாரம் வந்து போகும் ஒருவர், குழந்தைகளின் பெயரைக் கற்பதற்குள் திரும்பிவிடுகிறார். அடுத்து வருபவர் அதே பாடத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.
- கற்பித்தல் பயிற்சியோ பாட அறிவோ இல்லாதவரைச் சொந்த நாட்டில் எந்தப் பள்ளியும் வகுப்பில் நிறுத்தாது. ஆப்பிரிக்கக் குழந்தைக்கு மட்டும் அது போதும் என்று கருதுவது சமத்துவத்துக்கு முரணானது.
- பயணத்துக்கும் ஏற்பாட்டாளர்க்கும் தன்னார்வலர் செலுத்தும் தொகை, உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் பல மாத ஊதியத்துக்கு நிகராக இருக்கலாம்.
- பின்னணி சரிபார்க்கப்படாதவர்கள் குழந்தைகளிடையே அனுமதிக்கப்படுவது பாதுகாப்புக்கு ஊறு.
- குழந்தைகளின் ஒளிப்படங்களைப் பெற்றோர் இசைவின்றிச் சமூக ஊடகங்களில் வெளியிடுவது அவர்களின் மதிப்பைக் குலைக்கிறது.

இவ்விமர்சனங்களின் விளைவாக அமைப்புகள் பலவும் தம் முறையை மாற்றிக்கொண்டன. குழந்தைகளுக்கு நேரடியாகக் கற்பிப்பதைவிட, உள்ளூர் ஆசிரியர்களுடன் இணைந்து பாடம் திட்டமிடுவது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் உதவுவது ஆகியவற்றுக்கு முதன்மை தரப்படுகிறது. வி.எஸ்.ஓ. அமைப்பும் இப்போது அந்தந்த நாட்டுத் தன்னார்வலர்களைப் பெருமளவில் ஈடுபடுத்துகிறது.

பணிக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

பல நாடுகளில் சுற்றுலா நுழைவிசைவில் சென்று கற்பிப்பது, ஊதியம் இல்லாவிடினும் சட்டத்துக்குப் புறம்பானது. உரிய அனுமதி பெற வேண்டும். கென்யாவில் ஆசிரியர்கள் ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பள்ளி ஆண்டும் நாட்டுக்கு நாடு மாறும். கென்யா, சாம்பியா ஆகியவற்றில் அது சனவரியில் தொடங்குகிறது. எத்தியோப்பியாவில் செப்டம்பரில் தொடங்குகிறது. ஆண்டின் நடுவில் வந்து நடுவில் செல்வோரால் பொதுத்தேர்வு வகுப்புகள் பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

உடல் தண்டனை குறித்த சட்டங்களும் வேறுபடும். கென்யா 2001இல் பள்ளிகளில் பிரம்படியைத் தடை செய்தது. தான்சானியாவில் விதிகளுக்கு உட்பட்டு அது அனுமதிக்கப்பட்டுள்ளது. அடிக்காமலேயே பெரிய வகுப்பை நடத்திக் காட்டுவது, சக ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்வதைவிடப் பயன் தருவது.

மலேரியாத் தடுப்பு மருந்து, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, உள்ளூர் மொழியில் அடிப்படைப் பயிற்சி ஆகியவை முன்னதாகவே தேவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆசிரியரை முவாலிமு என்று அழைப்பர். தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரும் முன்னாள் பள்ளி ஆசிரியருமான சூலியசு நைரேரேயை மக்கள் இன்றும் அச்சொல்லாலேயே குறிப்பிடுகின்றனர். அத்தகைய மதிப்பு தரப்படும் இடத்தில், பள்ளிக்கு நேரத்துக்கு வருவதும், ஏடுகளைத் திருத்திக் கொடுப்பதும், ஒப்புக்கொண்ட காலம் முடியும் வரை இருப்பதும் தன்னார்வலரிடம் ஊர் எதிர்பார்க்கும் குறைந்த அளவுக் கடமைகள். செல்லும்போது, பாடக் குறிப்புகளையும் ஒவ்வொரு குழந்தையின் கற்றல் நிலை குறித்த பதிவையும் அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைப்பது, செய்த பணி வீணாகாமல் காக்கும்.